இல்லாததையும் காட்டட்டும்

ஜார்ஜ் டவுன் லெபு ஃபார்குவாரில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கிரேக்கக் கோயில் ஒன்றின் முகப்பு தெரியும். பருத்த தூண்கள், அவற்றின்மேல் பிற்காலத்தில் ஏற்றிய முக்கோண முகடு. தேவாலயம் 1818இல் கட்டி முடிக்கப்பட்டது. மறு ஆண்டு கல்கத்தா ஆயர் வந்து அதைப் புனிதப்படுத்தினார். கட்டியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகள். ஏதென்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்கள், செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கிரேக்கத் தூண்களை எழுப்பினார்கள்.

அந்த ஆண்டுகளில் லண்டனுக்குக் கிரேக்க மோகம் தலைக்கேறியிருந்தது. பார்த்தினான் கோயிலிலிருந்து எல்கின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுத்த சிற்பங்களை 1816இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 35,000 பவுன் கொடுத்து வாங்கியது. அதே மோகத்தின் அலை இரண்டே ஆண்டில் பினாங்குக் கரையையும் தொட்டது. தேவாலய வளாகத்தில், பினாங்குக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் நினைவாக நிற்கும் வட்ட மண்டபமும் அதே சாயல்தான்.

இப்போது பினாங்குத் தமிழர்கள் அசல் தூண்களையே பார்க்கப் போகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பிள்ளைகளை லண்டனில் படிக்கவைத்த பெற்றோரும் ஐரோப்பியச் சுற்றுலாவில் ஏதென்ஸைச் சேர்த்துக்கொள்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் எதைப் பார்த்து வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிலைகளைப் படமெடுத்து வருகிறவர்களே அதிகம். அங்கே உண்மையில் பார்க்க வேண்டியது சிலைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை.

அந்த அருங்காட்சியகம் 2009 ஜூன் 20 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பெர்னார்ட் ட்சுமி. மேல்தளத்துக்கு நாலாபுறமும் கண்ணாடிச் சுவர். அதன் வழியே குன்றின்மேல் பார்த்தினான் தெரிகிறது. உள்ளே, கோயிலைச் சுற்றியிருந்த சிற்பப் பட்டியைக் கோயில் எந்தத் திசை பார்த்து நிற்கிறதோ அதே திசையில், அதே அளவில் பதித்திருக்கிறார்கள். பட்டியின் மொத்த நீளம் 160 மீட்டர். ஏதென்ஸிடம் மிஞ்சியது ஏறக்குறைய 50 மீட்டர். லண்டனில் இருப்பது ஏறக்குறைய 80 மீட்டர். இந்தக் கணக்கை ஒரு பலகையில் எழுதி மாட்டிவிட்டுக் கைகழுவியிருக்கலாம். கிரேக்கர்கள் அப்படிச் செய்யவில்லை. லண்டனில் உள்ள கற்களுக்கெல்லாம் பிளாஸ்டர் அச்சு எடுத்து, உரிய இடத்தில் வெள்ளை வெளேரென்று பொருத்தினார்கள். காலத்தால் தேன் நிறம் ஏறிய பளிங்குக்கு நடுவே அந்த வெண்மை கண்ணைக் குத்துகிறது. குத்த வேண்டும் என்றேதான் வைத்திருக்கிறார்கள். ஒரே உருவத்தின் ஒரு பகுதி பளிங்காகவும் மறுபகுதி பிளாஸ்டராகவும் நிற்கும் இடங்களும் உண்டு.

கீழே இன்னொரு காட்சி. எரெக்தியோன் கோயிலின் தாழ்வாரத்தைத் தலையில் சுமந்த ஆறு பெண் சிலைகளில் ஐந்து இங்கே நிற்கின்றன. ஆறாவது லண்டனில். அவளுக்கான இடத்தில் வேறு எதையும் நிறுத்தாமல் காலியாகவே விட்டிருக்கிறார்கள். வழிகாட்டி வாயைத் திறக்கவே வேண்டாம். பார்க்கிறவர் விரலால் எண்ணிக்கொள்கிறார்.

இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. நடிகையாக இருந்து கிரேக்கப் பண்பாட்டு அமைச்சரான மெலினா மெர்க்கூரி 1982இல் மெக்சிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் சிற்பங்களைத் திருப்பிக் கேட்டார். ‘கொடுத்தால் வைத்துக்கொள்ள உங்களிடம் தக்க இடம் இருக்கிறதா’ என்பது எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்று. அந்த வாதத்தின் வாயை அடைக்க ஒரு கட்டடத்தையே கட்டினார்கள். லண்டன் இன்னும் அசையவில்லை. ஆனால் 2022இல் சிசிலியின் பலெர்மோ நகர அருங்காட்சியகம் தன்னிடமிருந்த துண்டைக் கொடுத்தது. 2023இல் வத்திக்கான் மூன்று துண்டுகளைக் கொடுத்தது. வெற்றிடம் மெல்ல மெல்லப் பேசிக் காரியத்தைச் சாதிக்கிறது.

இனி பினாங்குக்கு வரலாம்.

பாலத்தைத் தாண்டி வடக்கு நெடுஞ்சாலையில் ஏறினால், சுங்கை பட்டாணியைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில் மெர்போக் வந்துவிடும். குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில் லெம்பா பூஜாங் தொல்லியல் அருங்காட்சியகம் 1980இலிருந்து இயங்குகிறது. பூஜாங் பள்ளத்தாக்கு என்றால் தமிழர்களுக்குத் தெரியும். கடாரம் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் இராஜேந்திர சோழனின் கடற்படையை ஒருமுறை ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை. அந்த மெர்போக்கில் கால் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று அதே கூட்டத்தில் கேட்டால் பேச்சு சட்டென்று சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

போனவர்கள் மறக்காத ஒன்று அருங்காட்சியக வளாகத்திலேயே, சிற்றோடைக் கரையில் இருக்கிறது: புக்கிட் பத்து பகாட் கோயில். கருங்கல் அடித்தளம், கருவறை, முன்னால் மண்டபம், தூண்கள் நின்ற கற்பீடங்கள். கூரை மரத்தாலோ ஓலையாலோ ஆனதாக இருந்திருக்க வேண்டும். அது எப்போதோ மக்கிப் போயிற்று. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் 1936, 1937இல் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்களைக் கண்டு எண்ணிட்டார்கள். இது எட்டாவது எண். பிறகு அலஸ்டர் லாம்ப் 1959, 1960இல் முழுமையாகத் தோண்டிக் கற்களைத் திரும்ப அடுக்கினார். அப்போதுதான் அடித்தளத்துக்குள்ளிருந்து கற்பேழைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள். குழிகளில் பொன், வெள்ளித் தகட்டில் வெட்டிய சிறு உருவங்கள், மணிக்கற்கள். கும்பாபிஷேகத்தின்போது மூலவருக்குக் கீழே பொன்னும் நவமணியும் இட்டு அஷ்டபந்தனம் சாத்துவதைக் கண்ட எந்த மலேசியத் தமிழருக்கும் அந்தப் பேழையை விளக்கப் பலகை தேவையில்லை. பத்து, பதினோராம் நூற்றாண்டுக் கோயில் என்கிறார்கள்.

கிரேக்கர்களுக்கும் இந்தக் கரை புதிதல்ல. அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு கிரேக்க மொழியில் உலகப் புவியியல் எழுதிய தாலமி, இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தத் தீபகற்பத்தைப் பொன் தீபகற்பம் என்று வரைந்துவைத்தார். முசிறிக்கு வந்துபோன கப்பல் ஒன்றின் சரக்குக் கடன் பத்திரம் கிரேக்கத்தில் எழுதப்பட்டு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. யவனர் மரக்கலங்களைத் தமிழ்ப் புலவர்கள் பாடினார்கள். காழகத்திலிருந்து வந்த பண்டங்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. காழகம் என்பதைக் கடாரமாகவே உரையாசிரியர்கள் கொண்டார்கள்.

பினாங்குக்கும் பூஜாங்குக்கும் சொந்தமான பழம்பொருள்களில் மிக முக்கியமானது இங்கே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற கம்பெனி அதிகாரி, இன்று செபராங் பிறை எனப்படும் பெருநிலத்தின் வட பகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நடுவில் ஒரு தூபியின் கோட்டுருவம். சுற்றிலும் ஐந்தாம் நூற்றாண்டையொட்டிய எழுத்தில் சமஸ்கிருத வாசகம். இரக்தமிருத்திகையைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன், தன் பயணம் நலமாக முடிய வேண்டி வைத்த கல். கப்பல்தலைவன் ஒருவன் சொந்தப் பெயரோடு பேசும் கல், இந்த நாட்டின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று. லோ அதை வங்காள ஆசியக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். இன்று அது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் கொல்கத்தாவிடம் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. இரக்தமிருத்திகை வங்காளத்தின் முர்ஷிதாபாத் பக்கம் இருந்த ஊர் என்பது பலருடைய கருத்து. 1960களில் அங்கே ராஜபாடிடாங்காவில் தோண்டியபோது அதே பெயர் பொறித்த விகாரை முத்திரை கிடைத்தது. மாலுமி வங்காளி என்றால், அவன் கல் அவன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டது என்று கொல்கத்தாக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாதாடலாம். அந்த ஊர் இந்தத் தீபகற்பத்திலேயே இருந்தது என்போரும் உண்டு. வழக்கு எப்படியும் போகட்டும். அதுவரை ஒரு பிளாஸ்டர் அச்சு போதும். அச்சு எடுக்கக் கப்பல் வேண்டாம், இரு நாட்டு அமைச்சர்கள் மேடையில் கைகுலுக்க வேண்டாம். கல்லைத் தொடாமலே அளந்து முப்பரிமாணத்தில் வார்த்தெடுக்கும் வசதி இன்று சாதாரணமாகிவிட்டது. ‘1834இல் இங்கிருந்து போனது, இப்போது கொல்கத்தாவில்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, வெள்ளை அச்சாகவே நிறுத்த வேண்டும். பழைய கல் மாதிரி வண்ணம் பூசி ஏமாற்றக் கூடாது.

போனது அது ஒன்று மட்டுமல்ல. வட செபராங் பிறையில் குவார் கெப்பா என்ற இடத்தில் பழங்காலத்தார் தின்று குவித்த கிளிஞ்சல் மேடுகள் இருந்தன. அங்கிருந்து எடுத்த நாற்பதுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. 2017இல் அதே இடத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தபோது ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் சூட்டி நாடே பேசியது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவள். அவளுடைய உறவுக்காரர்கள் நாற்பது பேர் ஐரோப்பாவில் பெட்டிகளில் கிடந்ததை அந்தச் சமயத்தில்தான் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

இருக்கிற இடத்திலேயே இருப்பவற்றின் கதி இன்னொரு விதம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் பெருங்கூட்டம் கூடுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிறார்கள். அந்த வளாகத்திலேயே செரோக் தோக் குன் கல்வெட்டுப் பாறை இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையான எழுத்து. மெழுகுவர்த்தி ஏந்தி வருகிறவர்களில் அதன் அருகே ஒரு நிமிடம் நிற்பவர் சிலர்தான்.

இவற்றையெல்லாம்விடச் சங்கடமான வெற்றிடம் ஒன்று உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் கோயில் எண் 11 என்று பதிவாகியிருந்த, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட செங்கல் அடித்தளம் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி 2013 டிசம்பர் தொடக்கத்தில் வெளியானது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலேயே வந்திருந்தும் அந்தக் கோயில் அதன்கீழ் அரசிதழில் ஏறியிருக்கவில்லை. நிலமோ தனியார் கையில் இருந்தது. அறிக்கைகள் பறந்தன, அரசியல்வாதிகள் வந்து பார்த்தார்கள், தமிழ் நாளேடுகள் முதல் பக்கத்தில் பொங்கின. சில மாதங்களில் எல்லாம் அடங்கியது.

எண் 11க்கு மெர்போக்கில் ஓர் அறை வேண்டும். அடித்தளத்தின் அளவுக்குத் தரையில் கோடு கிழித்து, பழைய ஆய்வுப் படங்களைச் சுவரில் மாட்டி, இடித்த ஆண்டை எழுதி, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட வேண்டும். அரசு அருங்காட்சியகம் தன் நாட்டின் தவறைத் தானே காட்சிக்கு வைக்குமா என்று கேட்பார்கள். ஏதென்ஸில் வைத்திருப்பது மற்றவன் செய்த தவறு, அதைக் காட்டுவது எளிது என்றும் சொல்வார்கள். நியாயமான மறுப்புதான். ஆயினும் இந்த நாட்டில் தொல்லியல் பாதுகாப்பு ஏன் வேண்டும் என்று பள்ளிப்பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் புரியவைக்க அந்தக் காலி அறையைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்து, தமிழர்கள் பக்கமும் ஒரு சொல் உண்டு. பூஜாங் என்றதும் எல்லாம் சோழன் கட்டியது, எல்லாம் நம்முடையது என்று கைப்பேசியில் சுற்றுகிற செய்திகள் அருங்காட்சியகத்துக்கு உதவுவதைவிட ஊறுதான் அதிகம் செய்கின்றன. புத்தகுப்தன் கல் இராஜேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டு முந்தியது, பௌத்தம் சார்ந்தது. 1025இல் சோழப்படை வந்தது படையெடுப்பு; வந்தது, வென்றது, போயிற்று. அதற்கு இருபது ஆண்டு முன்பு நடந்ததுதான் இன்னும் சுவையானது. கடாரத்தரசன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையளித்தான். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடுகளும் லைடன் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. இந்தியர் வந்து குடியேறி எல்லாவற்றையும் கட்டினார்கள் என்று எழுதிய குவாரிட்ச் வேல்ஸின் பார்வையைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள், வந்துபோன வணிகர்களிடமிருந்து வேண்டியதை எடுத்துத் தம் முறையில் கட்டினார்கள் என்பதே இன்றைய போக்கு. சுங்கை பத்து இரும்பு உருக்கும் உலைகளுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் சொன்ன கிறிஸ்துவுக்கு முந்தைய காலக்கணக்கிலும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. வேறுபாடு இருக்கிறது என்பதையும் பலகையில் எழுதலாம். வாசிப்பவர்களுக்கு அதைத் தாங்கும் பக்குவம் உண்டு.

கடாரத்தின் பழம்பொருள்கள் பல, பால்மரத் தோட்டங்களுக்குள்தான் கிடைத்தன. வேல்ஸ் எண்ணிட்ட இடங்களின் பட்டியலில் சுங்கை பத்து தோட்டத்தின் பெயர் வருகிறது. அந்தக் காலத்துக் கெடா தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். செம்பூராங்கல் அடித்தளத்தின் பக்கத்திலேயே அவர்கள் வாளி தூக்கி நடந்திருப்பார்கள் என்பது ஊகம்தான், என்றாலும் வலுவான ஊகம். ஆய்வறிக்கைகளில் வேல்ஸ் தம்பதியின் பெயர் இருக்கிறது. மண்வெட்டி பிடித்த கூலியாட்களின் பெயர் எதிலும் இல்லை. இதுவும் ஒரு வெற்றிடம்தான். கெடா தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கும்போதே அவர்கள் நினைவுகளைப் பதிவுசெய்தால் ஓரளவு நிரப்பலாம். பினாங்கிலும் சுங்கை பட்டாணியிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, கையில் கைப்பேசி வைத்திருக்கும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் உள்ளனர்.

செலவுக்கு எங்கே போவது? அரசு ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தாய்லாந்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கிராபி கடற்கரைக்கு விடுமுறை போகும் பினாங்குக் குடும்பங்கள், அதே மாநிலத்தில் உள்ள குளோங் தோம் புத்த விகாரையையும் எட்டிப்பார்க்கலாம். வயலில் கிடைத்த மணிகளையும் முத்திரைகளையும் விகாரைத் தலைவரான பிக்கு சேகரித்துவைக்க, அது அருங்காட்சியகமாகவே வளர்ந்துவிட்டது. அங்கே விரல் நீளத்தில் ஒரு சிறு கல் இருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். பெரும்பத்தன் என்ற தட்டானுடைய கல் என்று தமிழில் பொறித்திருக்கிறது. மூன்றாம், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஒரு பிக்குவால் முடிந்தது, தேர்த் திருவிழாவுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் லட்சக்கணக்கில் ரிங்கிட் திரட்டுகிற ஆலய நிர்வாகங்களால் முடியாதா? புத்தகுப்தன் கல்லின் அச்சுக்கு ஆகும் செலவு, ஒரு ராஜகோபுரத்துக்கு வண்ணம் பூசும் செலவில் சிறு பங்குகூட இருக்காது.

மெர்போக்கில் தமிழில் ஒரு கையேடும் வேண்டும். ஏதென்ஸ் போகிறவர் அங்கே தமிழ் எதிர்பார்ப்பதில்லை. கடாரத்தில் எதிர்பார்ப்பது மிகை ஆகாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். தாத்தா பாட்டியோடு வரும் பேரப்பிள்ளைகளுக்காகத்தான். யார் யாருக்குப் படித்துக் காட்டுவது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும்.

இதற்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. ஜெராய் மலைக்கு வடக்கே, யான் மாவட்டத்து புக்கிட் சோராஸ் குன்றில் 2023இலும் 2024இலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது பெரிய பௌத்தக் கட்டுமானம் ஒன்று வெளிப்பட்டது. அதில் தியானத்தில் அமர்ந்த புத்தரின் சுதை உருவங்கள், அவற்றில் ஒன்று ஏறக்குறைய முழுமையாக. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். சுதை எளிதில் உதிரும் பொருள். திறந்த வெளியில் விட முடியாது, பாதுகாப்பான கூடத்துக்கு எடுத்துப் போய்த்தான் ஆக வேண்டும். பினாங்கு, கெடா தமிழ் அமைப்புகளும் பௌத்த சங்கங்களும் சேர்ந்து மரபுடைமைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதலாம். அந்த உருவங்கள் எந்த ஊருக்குப் போனாலும், ஜெராய் அடிவாரத்தில் அவற்றின் வெள்ளை அச்சு நிற்க வேண்டும், எப்போது எடுத்துச் சென்றார்கள், இப்போது எங்கே இருக்கின்றன என்ற விவரம் அதன்கீழ் இருக்க வேண்டும் என்று.